ஸ்கேனுக்கு நீங்கள் சொன்ன அர்த்தங்கள்

மாமா, என் கழுத்தில் ஒரு கட்டி. இன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். அந்த அறையின் மருந்து வாடை பட்டதும் உங்கள் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

நாம் அண்ணாமலை நகர் பல்கலைக்கழகக் குவார்ட்டர்ஸில் குடித்தனம் இருந்த சமயம். நீங்கள் கலைச்சொல் அகராதி வேலையில் மூழ்கியிருந்தீர்கள். சாப்பாட்டின் பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவீர்கள். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னதும் ஆட்டோவை வரவழைத்தேன்.

"ஸ்கேன் லத்தீன்லருந்து வந்த சொல்லு வசந்தா. ஏறுறதுன்னு அர்த்தம். அப்புறம் பாட்டோட அடியப் பிரிச்சுப் பாக்கறதுக்கு வச்சுக்கிட்டாங்க. நாம செய்யுள அலகிடறோமில்ல, அதான்."

"ஆட்டோ நிக்குது மாமா."

"பிரெஞ்சுல அதே வேர்லருந்து வந்த சொல்லுக்குக் கோஷம் போடறதுன்னும் அர்த்தம். இங்கிலீஷ்ல நுணுக்கிப் பாக்கறதும் ஸ்கேன்தான், மேலாகப் பாக்கறதும் ஸ்கேன்தான். நம்மாளுங்க வருடல்னு வச்சிட்டாங்க. தடவிக் குடுக்கறதாம். இத ஒரு முடிவு பண்ணிட்டு வந்துடறேன்."

ஆட்டோ திரும்பிப் போயிற்று. அடுத்த வாரமும், அடுத்த மாதமும் அப்படித்தான். நான் கத்தினேன், அழுதேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். அதற்குள் இன்னொரு மொழியில் இன்னொரு அர்த்தத்தோடு வந்து நின்றீர்கள்.

கடைசியில் மயங்கி விழுந்த பிறகுதான் உங்களைக் கடலூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஸ்கேன் அறை வாசலில் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "நீயும் உள்ள வர்றியா?" என்று கேட்டீர்கள். இத்தனை மாதமும் நீங்கள் பயந்துகொண்டிருந்தீர்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்றார் டாக்டர். நீங்கள் போன பிறகு அந்த வார்த்தையோடுதான் இன்றுவரை குடும்பம் நடத்துகிறேன். பயமாக இருக்கிறது என்று ஒரு தரம் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? கையைப் பிடித்து அழைத்துப் போயிருப்பேனே.

இன்று ஸ்கேன் எடுத்த சின்ன டாக்டர் பெண், "ஏம்மா நடுங்கறீங்க?" என்று கேட்டாள்.

"பயமா இருக்கு கண்ணு" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். கழுத்தில் ஸ்கேன் கருவியை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, சாதாரணக் கொழுப்புக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றாள்.

வெளியே வந்தேன். என்னை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் இன்னும் டீ குடித்து முடிக்கவில்லை. அவ்வளவு நேரம்தான் மாமா.