ஜன்னலுக்கு வெளியே அன்னம்

தாராவி, பம்பாய்.
27-6-1966, திங்கள், காலை ஆறே முக்கால் மணி.
ஆங்கிலம்: நூற்றுக்கு முப்பத்தெட்டு.

மாமா அவர்களுக்கு கணேசபாண்டியன் வணக்கம்.

இங்கே அத்தைக்கும் லேகாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. கடையைப் பகலில் அத்தையும் சாயந்தரம் நானும் பார்த்துக்கொள்கிறோம். மழை பிடித்துவிட்டது. அரிசி மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றியாயிற்று. க்ஷேம சமாசாரம் இவ்வளவு போதும். மேலே எழுதியிருக்கும் முப்பத்தெட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். குர்லாவுக்கு வேலைக்குப் போகும் வழியில் இதைத் தபாலில் போடவேண்டும். அதனால் சுற்றி வளைக்கவில்லை.

லேகா எஸ்.எஸ்.சி. தேறிவிட்டாள் என்று தந்தி கொடுத்தேனே, அது உண்மைதான். கணக்கில் தொண்ணூற்றொன்று, சயன்ஸில் எண்பத்துநாலு. ஆனால் மாட்டுங்காவில் நாம் மனுப்போட்ட கல்லூரியில் சயன்ஸ் சேர, ஆங்கிலத்தில் தனியாக நாற்பத்தைந்து வேண்டுமாம். வியாழக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை.

'சீட்டு கெடச்சா படிக்கட்டும், கெடைக்கலன்னா ஆவணியில கல்யாணத்த முடிச்சிருவோம்' என்று நீங்கள் ஊருக்கு வண்டி ஏறும்போது சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. பட்டியலுக்கு முன்னால் நின்றுகொண்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: 'அப்போ ஆவணிதானா அத்தான்?' கட்டிக்கொள்ளப் போகிறவனே நான். என்ன சொன்னாலும் கோணலாகத்தான் இருக்கும்.

முதலில் எனக்குக் கோபம் கல்லூரிமேல்தான். சயன்ஸ் படிக்கப் போகிறவளுக்குக் கட்டுரை எதற்கு? நானும் தினமும் ஆங்கிலத்தில்தான் ரிப்போர்ட் எழுதுகிறேன். 'அச்சு தேய்ந்துவிட்டது, மாற்றவும்' என்றால் வேலை முடிந்தது. இதையே வெள்ளிக்கிழமை அவளுடைய தலைமையாசிரியை மீனாட்சியம்மாளிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'அச்சு தேஞ்சத நீ கண்ணால பாத்துதான எழுதுத? இவ எதப் பாத்து எழுதினான்னு கேட்டியா?' என்றார். கேட்கவில்லை. அப்புறம்தான் கேட்டேன்.

பரீட்சையில் வந்த தலைப்பு: என் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிவது. முப்பது மார்க். லேகா என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? ரோஜாத் தோட்டம், நடுவில் குளம், குளத்தில் இரண்டு அன்னம். டியூஷன் வாத்தியார் வேங்கடசுப்ரமணியன் மனப்பாடம் செய்யச் சொல்லிக் கொடுத்த கட்டுரை அது. தலைப்பு எதுவாக இருந்தாலும் தோட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. டியூஷனுக்குப் போன பதினாலு பெண்களும் அதே இரண்டு அன்னத்தை எழுதியிருக்கிறார்கள். அடுத்தடுத்த நம்பர், விடைத்தாள் எல்லாம் ஒரே கட்டு. பதினாலு பேருக்கும் நாற்பதைத் தாண்டவில்லை. டியூஷனுக்கே போகாத தோல்கிடங்கு ஹபீபா, எதிர்ச்சுவரில் ஆட்டுத்தோல் காய்வதை எழுதியிருக்கிறாள். ஏகப்பட்ட பிழையாம். அவளுக்கு ஐம்பத்திரண்டு.

எங்கள் பட்டறையில் பதினாலு உருப்படி ஒரே குறையோடு வந்தால் உருப்படிகளைத் திட்டமாட்டோம். அச்சைக் கழற்றிப் பார்ப்போம். வாத்தியாரிடம் போனேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. 'தாராவியை எழுதினா எவன்டா மார்க் போடுவான்? அவ அப்பாவே வந்து, சார், எடத்தப் பத்தி மட்டும் எழுத விட்டுராதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரே' என்றார்.

மாமா, கடைப் பலகையில்கூட மாட்டுங்கா என்றுதான் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஊர்க்காரர்களிடமும் சரக்கு போடுகிறவர்களிடமும் அது செல்லும். பேப்பர் திருத்துகிறவரிடம் செல்லவில்லை. இதற்குமேல் இதைப்பற்றி எழுதமாட்டேன். நானும் கம்பெனியில் மாட்டுங்கா விலாசம்தான் கொடுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை மீனாட்சியம்மாளிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு லேகாவோடு கல்லூரிக்குப் போனேன். வாசலில் குமாஸ்தா, பெண்ணுக்கு நீ யார், அண்ணனா என்று இந்தியில் கேட்டான். கட்டிக்கொள்ளப் போகிறவன் என்றால் உள்ளேயே விடமாட்டான் என்று தோன்றியது. 'ஹாங், பாயி', ஆமாம், அண்ணன்தான் என்றேன். லேகா தலையைக் குனிந்துகொண்டாள்.

பிரின்சிபால் நல்ல மனிதர். கணக்கு மார்க்கை இரண்டு தடவை பார்த்தார். ஜூலை பதினொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு வந்து தன் எதிரில் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதட்டும், தலைப்பை அப்போதுதான் சொல்வேன், எழுத்து உருப்படியாக இருந்தால் இடம் தருகிறேன் என்றார். கூடவே ஒன்று சொன்னார். இரண்டு மாதத்தில் கல்யாணம் என்று நின்றுவிடுகிற பெண்ணுக்காக இன்னொருத்தியின் இடத்தை வீணாக்கமாட்டாராம். இரண்டு வருஷம் நிறுத்தாமல் படிக்க வைப்பேன் என்று தகப்பன் கைப்பட எழுதித் தரவேண்டும். 'அண்ணன் எழுதினால் செல்லாது' என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் நடந்ததைச் சொன்னேன். 'மொற தெரியாத பயல, கட்டிக்கப்போறவளத் தங்கச்சின்னுட்டு வந்து நிக்கியே, போயிப் புள்ளையாருக்கு ஒரு தேங்காய ஒட' என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். உடைத்தேன். வியாழக்கிழமைக்குப் பிறகு லேகா அப்போதுதான் சிரித்தாள். 'அண்ணாச்சி, எனக்கு ஒரு சில்லு குடுங்க' என்றாள்.

நேற்று அவளை ஜன்னல் பக்கத்தில் உட்காரவைத்து, தெரிவதை எழுது என்றேன். எதிர்ச்சுவரில் தோல்கள், தூறல் விழுந்ததும் அவற்றை அள்ளிக்கொண்டு ஓடுகிற ஹபீபாவின் அண்ணன், குழாயடியில் தலைக்கு மேல் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிற பெண்கள். பிழைகள் இருந்தன. ஆனால் படிக்கும்போது எனக்கு நாற்றம் அடித்தது மாமா. அன்னத்தில் அது வரவில்லை.

தொண்ணூற்றொன்று வாங்கியவளை ஆவணியில் என்னோடு அடுப்படியில் கொண்டுவந்து நிறுத்துவது, லேத் மிஷினை வாங்கித் துணி காயப்போடுவது மாதிரி. இதை மருமகன் சொல்லக்கூடாது என்பீர்கள். வேறு யார் சொல்வார்கள்? இதில் கெடுவது என் காரியம்தானே.

அத்தை உங்களைக் குளிர்ந்த தண்ணீரில் குளிக்கவேண்டாம் என்று எழுதச் சொன்னார்கள். ஷிப்டுக்கு நேரமாகிறது. நான் செய்யப்போவதைக் கீழே எழுதிவிட்டேன். யோசித்து எழுதியது.

தங்கள் மருமகன்,
கணேசபாண்டியன்

1. இன்றே டியூஷனை நிறுத்துகிறேன். பதினோராம் தேதிவரை அவள் தினமும் ஒரு பக்கம், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவாள். பிழை மட்டும் திருத்துவேன். அவள் பார்த்ததைத் திருத்தமாட்டேன்.

2. பதினோராம் தேதி அரைநாள் லீவு போட்டு அவளை அழைத்துப் போவேன். குமாஸ்தா கேட்டால் மறுபடியும் அண்ணன்தான். தேங்காய் வாங்கி வைத்திருக்கிறேன்.

3. உங்கள் சம்மதக் கடிதத்துக்குத் தினமும் தபால்காரரை வழிமறிப்பேன். எக்ஸ்பிரஸ் தபாலில் போடுங்கள். அதில் தாராவி என்றே விலாசம் எழுதுங்கள்.

4. பிரின்சிபால் வேண்டாம் என்றுவிட்டால், அக்டோபர் பரீட்சைக்கு மறுபடியும் பணம் கட்டுவேன். லேகாவிடம் இன்னும் சொல்லவில்லை.

5. ஆவணியில் நாள் குறித்துவிட்டீர்கள் என்றால் நான் ஊருக்கு வரமாட்டேன். மாப்பிள்ளை இல்லாத மணவறைக்குப் பந்தல் போட்டு ஊரில் தலைகுனிய வேண்டாம். இரண்டு வருஷம் கழித்து நீங்கள் எந்த நாளைக் குறித்தாலும் முதல் வண்டியில் வருகிறேன். அவளும் அப்போது சம்மதம் என்று சொல்லவேண்டும். அதை மட்டும் நீங்களே கேட்டு எனக்கு எழுதுங்கள் மாமா. என்னால் கேட்க முடியாது.