லாமாரின் தலையும் எங்கள் கோப்பையும்

ஆகஸ்ட் 14

எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சி முகாம் தொடங்கிவிட்டது. மினசோட்டாவில் வெயில் இப்படி அடிக்கும் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். தலைக்கவசத்துக்குள் மூளை வேகிறது. போன சீசனில் ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயித்தோம். அதனால் என்ன? கல்லூரிப் பத்திரிகைக்காரி வந்து இந்த வருடம் எப்படி என்று கேட்டாள். லீக் கோப்பை எங்களுக்குத்தான், எழுதிக்கொள் என்றேன். பக்கத்தில் நின்ற லாமார் குடித்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தான். முதல் வருடத்திலிருந்து என் அறைத் தோழன். நான் பந்தை எறிகிறவன், அவன் ஓடிப்போய்ப் பிடிக்கிறவன்.

"எவரெட்டு, நீ வாயால எறியறதையும் நான்தான்டா ஓடிப்போய்ப் பிடிக்கணும்" என்றான்.

பிடிக்கட்டும். அதற்குத்தானே இருக்கிறான்.

செப்டம்பர் 6

31–7. ஜெயித்தோம்! லாமார் எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் மூன்று டச்டவுன் அடித்தான், மூன்றும் என் கையிலிருந்து போனவை. கோச் ஹால்வர்சன் "பரவால்ல" என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

செப்டம்பர் 27

இதுவரை தோல்வியே இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் என் தட்டில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் கேட்காமலே ஒரு கரண்டி கூடுதலாக விழுகிறது. புகழ் என்பது இதுதான் போலிருக்கிறது.

அக்டோபர் 4

தோற்றோம். என் தப்புதான், இரண்டு முறை எதிராளி கையிலேயே எறிந்தேன். போகட்டும். கோப்பை இன்னும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

அக்டோபர் 18

ஜெயித்தோம். ஆனால் —

லாமார் எம்பிப் பிடித்துக் கீழே வரும்போது இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். பின்மண்டை தரையில் இடித்தது. உடனே எழுந்துவிட்டான். காயங்களைக் கவனிக்கிற கிரேட்டா கோட்டுக்கு வெளியிலிருந்து சைகையில் கேட்டாள், இவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அடுத்த முறை இடப்பக்கம் வெட்டி ஓட வேண்டியவன் வலப்பக்கம் ஓடினான். அவன் வழி தப்பி நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் ஸ்கோர் என்ன என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டான்.

என்னோடு விளையாடுகிறானா? முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அக்டோபர் 20

திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுத்திருக்கிறான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். காலையில் வாந்தி. கிரேட்டாவிடம் போகலாம் வா என்றேன். எழுந்து உட்கார்ந்தான்.

"சொன்னா என்னாகும் தெரியுமா? ஹெல்மெட்ட வாங்கிப் பூட்டிருவாங்க. நமக்கு இது கடைசி சீசன்டா. சனிக்கிழமை எங்கம்மா இந்தியானாலேர்ந்து வர்றாங்க, முதல் தடவையா என் ஆட்டத்தப் பாக்க. நீ எதையும் பாக்கல. சரியா?"

சரி என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சரி! அவன் இல்லாமல் கோப்பை ஏது என்று எனக்கும் தெரியும். ஆனா இன்னொரு அடி விழுந்தா? நான் எங்க எறியறேனோ அங்கதானே எம்புவான்? அந்த அடிக்குக் கீழ அவன அனுப்பறதே நான்தானே?

அக்டோபர் 21

சொல்லிவிட்டேன்.

கிரேட்டா முழுவதும் கேட்டாள். நான் வந்தது லாமாருக்குத் தெரியுமா என்றாள். தெரியாது என்றேன். வேறு யார் மூலமாகவும் அவனுக்குத் தெரியக்கூடாது, நீயே போய்ச் சொல் என்றாள். போய்ச் சொன்னேன். அவன் கத்தவில்லை. தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குப் போனான். வாசலில் ஒருமுறை நின்றான்.

"ஊரெல்லாம் கோப்பை கோப்பைன்னு சொன்னேல்ல? இப்ப போய் எடுத்துக்கோ."

மறுபடி இதே நிலைமை வந்தாலும் இதைத்தான் செய்வேன். அப்புறம் ஏன் அவன் காலிக் கட்டில் பக்கம் திரும்பாமலே படுத்திருக்கேன்?

அக்டோபர் 25

தட்டுத் தடுமாறி ஜெயித்தோம். லாமார் சாதாரண உடையில் பெஞ்சில் இருந்தான். முடிந்ததும் அவன் அம்மா நேராக என்னை நோக்கி வந்தார். அறைவார் என்று நினைத்தேன்.

"அவன் உங்கிட்ட பேசறதில்லையாமே. அவனுக்குக் கோவம் ஆற நாளாகும்ப்பா, அவங்கப்பாவும் இப்படித்தான்" என்று சொல்லி, வீட்டில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பு அடையைக் கையில் கொடுத்தார். முழுவதையும் நானே தின்றேன். அவன் வந்து கேட்டிருந்தால் பாதி கொடுத்திருப்பேன்.

நவம்பர் 15

கடைசி லீக் ஆட்டம், ஜெயிப்பவனுக்குக் கோப்பை. பனி தூறியது. முடிய இரண்டு நிமிடம், நாலு புள்ளி பின்தங்கியிருந்தோம். லாமாரின் இடத்தில் ஆடும் நோலன் இரண்டு பந்தை நழுவவிட்டு, அழுதுவிடுகிற முகத்தோடு நின்றான். ஆட்டத்தை நிறுத்தி எங்களைக் கூப்பிட்டார் கோச். அப்போது லாமார் வந்தான். என் முகத்தைப் பார்க்காமல், களத்தைப் பார்த்தபடியே பேசினான்.

"அந்த இருபத்திநாலாம் நம்பர் இருக்கான்ல, உன் தோள் அசைஞ்சாலே முன்னால பாயறான். எறியற மாதிரி காட்டு. நோலன் அவன் முதுகுக்குப் பின்னால ஓடட்டும்."

காட்டினேன். இருபத்திநாலு பாய்ந்தான். நோலன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி எல்லைக்குள் தனியாக நின்றான். இந்த முறை பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

கோப்பை எங்களுக்கு. நான் சொன்னேனா இல்லையா?

லாமார் நோலனைத் தூக்கிச் சுற்றினான். என் பக்கம் வரவில்லை. பரவாயில்லை, வருவான்.

நவம்பர் 29

கோப்பையை ஜெயித்ததால் தேசியச் சுற்று. விஸ்கான்சினில் ஆட்டம். லாமார் ஆடலாம் என்று இந்த வாரம்தான் டாக்டர் சொன்னார். என்னோடு பேச்சு இன்னும் ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான். ஆனால் களத்தில் பழைய லாமார், நான் எறிந்த எதையும் விடவில்லை.

ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் மூன்று புள்ளி பின்னால் இருந்தோம். லாமார் இருவர் நடுவில் சிக்கி விழுந்தான். எழுந்தான். கோச் பார்க்கவில்லை. கிரேட்டா யாருடைய கணுக்காலையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவனையே பார்த்தேன், வாய் திறக்கவில்லை. அவன் தாடை வாரைக் கழற்றி, தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தானே கிரேட்டாவிடம் நடந்தான். என்ன சொன்னான் என்று பிறகு அவளிடம் கேட்டேன். அவன் சொன்னது இதுதானாம்:

"தலையப் பாருங்க. நல்லாத்தான் இருக்கேன்னு நெனைக்கிறேன். ஆனா நான் சொல்றத நம்பாதீங்க."

அவள் சோதித்து முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. என் கடைசிப் பந்து நோலனின் விரலில் பட்டு நழுவியது. தோற்றோம். லாமாரின் தலைக்கு ஒன்றுமில்லையாம்.

உடைமாற்றும் அறைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். லாமார் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் இருந்திருந்தா அதப் பிடிச்சிருப்பேன்."

"பிடிச்சிருப்ப."

"ஆமா" என்றான். பிறகு என் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்காக மணிக்கட்டில் சுற்றியிருந்த பிளாஸ்திரியை, வலிக்காமல், மெதுவாகப் பிரிக்க ஆரம்பித்தான்.