யாரோ போட்ட தீனி

நவம்பர் 11, செவ்வாய்
காலையில் வீட்டுக் குளத்தில் இன்னொரு கோய் அலங்கார மீன் செத்து மிதந்தது. வலையில் எடுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் கிரிகரி இருந்தவரை ஒன்றுகூடச் சாகவில்லை. மனுஷன் போய் நாலு மாதம்தான் ஆகிறது.

நவம்பர் 13
கிள்ளான் டவுனில் வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரரிடம் கேட்டேன். "மழைக் காலம் ஆன்டி, தண்ணி குளிர்ந்து போச்சு. அதுங்களுக்குச் செரிக்காது லா. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கொஞ்சமா போடுங்க. மிச்சம் கிடந்தா தண்ணி கெட்டுடும்."
நான் அப்படித்தானே போடுகிறேன்!

நவம்பர் 16, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து வந்து பார்த்தால் குளத்தில் பச்சை உருண்டைகள் ஊறி மிதக்கின்றன. நான் வாங்குவது சிவப்புத் தீனி. கேட் பூட்டியபடி இருக்கிறது. யார் வந்தது?

நவம்பர் 18
பக்கத்து வீட்டுத் தம்புசாமிதான். குளத்துப் பம்ப் சத்தம் தூங்க விடவில்லை என்று கிரிகரியோடு எத்தனை தடவை மல்லுக்கு நின்றவர். நடுவில் இருப்பது இடுப்பளவு சுவர்.

நவம்பர் 20
கேட்டேவிட்டேன். "மீனுக்கு என்ன போடுறீங்கண்ணே?"
அவர் முகம் கறுத்தது. "ஏம்மா, நான் எதுக்கு விஷம் வைக்கப் போறேன்?"
விஷம் என்று நான் சொல்லவே இல்லையே!

நவம்பர் 23, ஞாயிறு
பூசைக்குப் போகிற மாதிரி கிளம்பி, காரை அடுத்த தெருவில் விட்டு, பின்வாசல் வழியே வந்து சமையலறை ஜன்னலோரம் நின்றேன். தூறல். கேட் திறந்தது — சாவி போட்டு.
கேரன். என் மகள். வேற்று மதத்துக் கிஷனைப் பதிவுத் திருமணம் செய்த அன்று, இந்த வாசலை மிதிக்காதே என்று நான்தான் சொன்னேன். அப்பாவின் அடக்கத்தில்கூடத் தள்ளியே நின்றாள். இப்போது குடையை இடுக்கிக்கொண்டு கை நிறைய அள்ளிப் போடுகிறாள்.
"நீயாடி?"
திடுக்கிட்டுத் திரும்பினாள். "அப்பா ஆஸ்பத்திரில கேட் சாவியக் கொடுத்துச் சொன்னாரும்மா. அம்மாவுக்கு மீனக் கண்டாலே ஆகாது, பட்டினி போட்டுடுவா, நீ பார்த்துக்கோன்னு. நீங்க சர்ச்சுக்குப் போற நேரம்தான் வர முடியும். அதான் வாரத்துக்கும் சேர்த்து..."
"நான் போட்டுக்கிட்டுத்தான்டி இருக்கேன்!"
"நீங்களா?"
அந்த மனுஷனுக்கு என்மேல் அவ்வளவுதான் நம்பிக்கை. இரண்டு பேருமாகப் போட்டுப் போட்டே கொன்றிருக்கிறோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே வா என்று சொல்ல வாய் வரவில்லை. மழை வலுத்ததும் அவளே வந்தாள்.

நவம்பர் 24
தம்புசாமி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். கதவைச் சாத்தவில்லை.

டிசம்பர் 10, புதன்
மழை விட்டபாடில்லை. ஆனால் தண்ணீர் தெளிந்துவிட்டது. மீன்கள் அடியில் மந்தமாக நிற்கின்றன, எதுவும் சாகவில்லை.
சாயங்காலம் வேலை முடிந்து கேரன் வந்தாள். வெளியே காரில் கிஷன். அவன் இறங்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. தோசை ஊற்றும்போது நாலு சேர்த்தே ஊற்றினேன்.
"இது யாருக்கும்மா?"
"ஆறிப் போறதுக்குள்ள கூட்டிட்டு வா."