தீர்த்தனுக்கு ஒரு சீட்டு

இண்டூர்,
1947 ஐப்பசி

கம்பைநல்லூரில் இருக்கும் என் மகள் செல்லிக்கு, அம்மா குள்ளம்மாள் ஆசையோடு எழுதுவது. நான் சொல்லச் சொல்ல அருள்நாதன் வாத்தியார் எழுதுகிறார். உனக்கு இது நிறைமாதம் என்ற நினைப்பிலேயே இங்கே பொழுது விடிகிறது, அடைகிறது.

அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று மூன்று கடிதம் போட்டுவிட்டாய். அவர் வராத காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நம் சனத்தையெல்லாம் பிறவித் திருடர்களாக வைத்திருந்த கைரேகைச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள் அல்லவா? இனிச் சாவடியில் ரேகை வைக்க வேண்டாம், ஊர் தாண்டச் சீட்டு வாங்க வேண்டாம் என்று தமுக்கடித்தார்கள். அன்றைக்குக் களி கிண்டிக் கோழி அடித்தேன். உன் அப்பா சாப்பிட்டார், கை கழுவினார், பொழுது சாய்ந்ததும் சாவடிக்கு நடந்துவிட்டார். அங்கே நோட்டும் இல்லை, மையும் இல்லை. சும்மா நின்றுவிட்டு வந்தார். இன்றும் போகிறார்.

உன்னைப் பார்க்க வர மணியக்காரரிடம் சீட்டுக் கேட்டார். இனிச் சீட்டே கிடையாது, நீ பாட்டுக்குப் போ என்றாராம் அவர். சீட்டு இல்லாம எப்படிங்க போறது, வழியில புடிச்சா என்னத்தக் காட்டறதுங்க என்று இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். சட்டமே போய்விட்டதே என்று நான் கத்தினேன். போனது போலீசுக்காரனுக்குத் தெரியுமா என்கிறார். அதையும் தள்ள முடியவில்லை. போன வாரம் சந்தையில் எவனோ பையைத் தொலைத்ததற்கு நம் சனத்துத் தர்மனைப் போலீசு ஸ்டேசனில் அரை நாள் உட்கார வைத்தார்கள்.

இப்போதெல்லாம் கனவில்தான் உன்னிடம் வருகிறோம். இரண்டு பக்கமும் சோளக்காடு. அவர் முன்னே, நான் பின்னே. எங்கே போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆற்றுத் தண்ணீர் காலில் படுகிறது, அக்கரையில் உன் குழந்தை அழுகிறது. அந்த நேரம் பார்த்து விழிப்பு வந்துவிடுகிறது. இதை அவரிடம் சொன்னேன். கனவில் சீட்டு யாரிடம் இருந்தது என்று கேட்கிறார். இந்த மனுசனை என்ன செய்ய?

வாத்தியார் தானே ஒன்று எழுதித் தருவதாகச் சொன்னார். பொய்ச் சீட்டுக்கு ஜெயில்தான் என்று உன் அப்பா கும்பிட்டு விலகிவிட்டார்.

அதனால் நீ அனுப்பு, செல்லி. மாப்பிள்ளை எழுதட்டும். இண்டூர் தீர்த்தன் மகள் வீட்டுக்கு வருகிறார், வரச் சொன்னது மகள் என்று இருக்கட்டும். பெற்ற மகள் கூப்பிடுவது பொய்ச் சீட்டு ஆகாது. எத்தனை நாள் தங்குவார் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விடச் சொல்.

நல்லபடியாகப் பெற்றெழு, கண்ணே. அவர் வரும்வரை பிள்ளையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

உன் அம்மா,
குள்ளம்மாள்