மூக்கு எரிஞ்சா வேரும் எரியும்

சகலை,

நேற்று உரக்கடையில் என் மானம் போயிற்று. பிரித்து வைத்திருந்த மண்புழு உர மூட்டைக்குள் கழுத்துவரை தலையை விட்டு மோந்துகொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டிய, பேரன் எடுக்கிற வயசு ஆள். கடைக்காரம்மா, "சாரு, அது சாம்பார் பொடி இல்லீங்க" என்றார். நிமிர்ந்தால் மீசையெல்லாம் உரம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கோ அந்த வாசனையில் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள்.

நம் மாமியாரின் குண்டுமல்லியைச் சொல்கிறேன். கம்மாபுரம் பக்கம் இருந்த அவர் வீட்டை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டபோது அங்கிருந்து உயிரோடு வந்தது அது ஒன்றுதான். அவர் காலமானபின், செடி யாருக்கு என்று அக்காளும் தங்கையும் கொஞ்ச நாள் முகம் பார்த்துப் பேசவில்லை. கடைசியில் தங்கை வீட்டுக்கு, அதாவது என்னிடம் வந்தது. நான் என்ன செய்தேன்? பீங்கான் பட்டறை நண்பரிடம் ஓசியில் களிமண் வாங்கி, பக்கத்து மாட்டுக்கொட்டகையின் புதுச்சாணியோடு பிசைந்து தொட்டியில் நட்டேன். பீங்கான் செய்து ஊரே பிழைக்கிற மண்ணில் ஒரு மல்லி பிழைக்காதா என்பது என் விஞ்ஞானம்.

மாதம் திரும்புவதற்குள் இலை மஞ்சளாகிக் கொட்டியது. ஞாயிறுதோறும் உங்கள் வீட்டம்மா போன் செய்வார். "அம்மாவோட மல்லி பூக்குதாடி?"

"மொட்டு வுட்டிருக்குதுக்கா" என்பாள் என் மனைவி. போனை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். "இது செத்துச்சுன்னா எங்கக்கா வூட்டு வாசப்படிய நான் மிதிக்க முடியாது." திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

உங்களை மட்டும் ரகசியமாகக் கூப்பிட்டேன். வந்தவர் விரலை மண்ணில் குத்திப் பார்த்தீர்கள், இறங்கவில்லை.

"இன்னா சகல, செடி வச்சீங்களா, ஜாடி வனைஞ்சீங்களா?"

கிண்டல்தான். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. தொட்டியைக் கவிழ்த்ததும் அழுகல் நாற்றம். கறுத்த வேர்களை நீங்கள் ஒவ்வொன்றாகக் கத்தரிக்க, என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெள்ளையாக மிஞ்சியது ஒரு சின்னக் கொத்து.

"பொழைக்குமா மாமா?"

"இப்பக் கேக்காதம்மா. செம்மண்ணக் கொண்டா."

துளைமேல் பீங்கான் சில்லு, அப்புறம் செம்மண், ஆற்றுமணல், மக்கிய எரு. எருவை என் மூக்கருகே நீட்டினீர்கள். "மழ பேஞ்ச வாசன வருதா? அப்பத்தான் போடணும். மூக்கு எரிஞ்சா வேரும் எரியும்."

நான் அடங்காமல், மிச்சத்தைக் கற்றாழைக்குப் போடட்டுமா என்றேன்.

"அதுக்கு மணலு தூக்கலா இருந்தா போதும். எருவு கேக்குறது கீரைங்க. பச்சப்புள்ளைக்கும் புது மாப்பிள்ளைக்கும் ஒரே பிரியாணிய வைப்பீங்களா?"

பிறகு காத்திருப்பு. வேலைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே புருவத்தை உயர்த்துவீர்கள். நான் உதட்டைப் பிதுக்குவேன். ஒருநாள் கணுவில் அரிசி அளவு பச்சை. கையைத் தூக்கிக் காட்டினேன். வண்டியைத் தெருவில் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தீர்கள். அது சாய்ந்து கண்ணாடி உடைந்த சத்தம்கூட நம் காதில் விழவில்லை.

மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். மல்லிக்குத் தொட்டி கொள்ளாமல் வேர் சுற்றிக்கொண்டது. இன்று காலை, முதல்முறையாக நீங்கள் இல்லாமல், மாற்றி நட்டேன். உங்கள் கலவைதான். எந்த மண்ணையும் மோந்து பார்க்காமல் செடியருகே கொண்டுபோவதில்லை. நீங்கள் எனக்கு விட்டுப்போன ஆஸ்தி இந்த மூக்குதான். தண்ணீர் ஊற்றி, அது அடியில் வடிந்து வரும்வரை மூச்சே விடவில்லை நான்.

உங்கள் வீட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை கழுவும்போது மெதுவாகச் சொன்னார்:

"எங்கம்மா இதுக்கு ஒருநாளும் எருவு போட்டதில்ல. பாத்திரம் வெளக்குற தண்ணி தேங்குற எடத்துல, களிமண்ணுலதான் நின்னுச்சு."