தலைமன்னாரில் ஒரு போத்தல் பீர்

லுணுகலை
12 மார்ச் 1926

சுந்தரலிங்கத்துக்கு,

உன் தகப்பன் எழுதுவது. நான் இந்தியா போகவில்லை. லுணுகலையில், மொஹிதீன் கடை மாடியில் இருக்கிறேன். ஆசீர்வாதம் எழுத இன்று கை வரவில்லை.

பதுளை ஸ்டேஷனில் என்ன சொன்னாய்? "ஆறு மாசம் ஊர்க்காத்து படட்டும்ப்பா, நானே வந்து கூட்டிட்டு வர்றேன்." நம்பினேன். தலைமன்னாரில் கப்பலுக்கு நேரம் இருந்தது. துணைக்கு வந்த நம் கடையாள் லிங்கத்தோடு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். சோறும் பொரித்த மீனும் வந்தன. லிங்கம் இலையில் கை வைக்காமல் அழுதான். என்னடா என்றேன். "சின்ன முதலாளி ஒங்க அறையை வாடகைக்கு விட்டுட்டாருங்க. இனி நீங்க வரமாட்டீங்களாம்" என்றான்.

கடைக்காரனைக் கூப்பிட்டுப் பீர் கேட்டேன். முப்பது வருஷம் தோட்டத்துத் துரைமாருக்குப் பெட்டி பெட்டியாகப் பீர் அனுப்பியவன் நான். ஒரு வாய் குடித்ததில்லை. கசந்தது. கப்பல் ஊதியது. "ஏறணுங்க, ஏறணுங்க" என்று லிங்கம் பதறினான். "ஒக்காருடா, மீன் ஆறுது" என்றேன். போத்தல் காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை. கப்பல் போய்விட்டது.

ஆணி அடித்து அனுப்பிவைக்க நான் என்ன தேயிலைப் பெட்டியா?

உன் தகப்பன்,
வீரய்யா


பதுளை
16 மார்ச் 1926

அப்பா அவர்களுக்கு,

நமஸ்காரம். கடைத்தெரு முழுக்க இதே பேச்சு: வீரய்யா முதலாளி பீர் குடித்துக் கப்பலைத் தவறவிட்டாராம்! மாமனார் வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பேன்? வாயை அடக்கத் தெரியாத லிங்கத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன்.

இத்தனை நாள் சொல்லாததை இன்று எழுதுகிறேன். அம்மா போனதிலிருந்து நீங்கள் தூக்கத்தில் கத்துகிறீர்கள். அம்மா பெயரைச் சொல்லித்தான். குழந்தை லீலா பயந்து நடுங்குகிறாள். ராமலட்சுமி சரியாகத் தூங்கிப் பல மாதமாகிறது. "ஒன்னு ஒங்க அப்பா இருக்கணும், இல்ல நானும் புள்ளையும் இருக்கணும்" என்கிறாள். நான் யாரைப் போகச் சொல்வேன்?

மறுபடி டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வருகிறேன். இந்தத் தடவை நானே கப்பல் ஏற்றுவேன். ஊரைக் கூட்டாமல் புறப்படுங்கள்.

தங்கள் மகன்,
சுந்தரலிங்கம்


லுணுகலை
18 மார்ச் 1926

சுந்தரலிங்கத்துக்கு,

நான் கத்துவது எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடையின் பின்கட்டில் பாய் விரித்துக்கொண்டிருப்பேன். அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. ஊர்க்காற்று என்று பொய் சொல்ல மட்டும் வந்தது. லீலாவைப் பயமுறுத்தியது எனக்கு வருத்தம். அவளிடம் சொல்.

கடையை நீயே வைத்துக்கொள். லிங்கம் இங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நானும் கல்லாவில் உட்காருகிறேன். வெள்ளிக்கிழமை நீ டிக்கெட்டோடு வந்தால் படியேற விடமாட்டேன்.

நேற்று இங்கேயும் கத்தினேனாம். மொஹிதீன் எழுந்து வந்து, "தண்ணி குடிக்கிறீங்களாண்ணே?" என்று கேட்டார். விடிந்ததும் போகச் சொல்வார் என்று மூட்டை கட்டி உட்கார்ந்திருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கடை திறக்கப் போனார்.

வீரய்யா