இன்னும் ஒரு பிள்ளை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இருமல் தேவலையா? தம்பி வேளைக்குச் சாப்பிடுகிறானா? நாங்கள் நலம். ஆலை வேலை அலுப்பில் அம்மா தூங்குகிறாள். அவளுக்குத் தெரியாமல் போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன்.

அப்பா, இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டாதீர்கள். இந்த ஊரில் முதியவர்கள்தான் அதிகம். இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். குழந்தை பிறப்பதும் அபூர்வம். எங்களைப் போல் ஆலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளால்தான் பள்ளிக்கூடமே ஓடுகிறது.

"இன்னும் ஒரு பிள்ளை சேரலைன்னா இந்த வருஷத்தோட மூடிடுவாங்க கண்ணுகளா" என்று தலைமை ஆசிரியை சொன்னார்.

நான் சட்டென்று எழுந்து, "என் தம்பி வர்றான் டீச்சர்!" என்று சொல்லிவிட்டேன்.

வகுப்பே கைதட்டியது. இதுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து பெஞ்சுக்காரி, "ஏய் வந்தேறி, உன்னாலதான்டி பள்ளிக்கூடம் பொழைச்சுது!" என்று கட்டிக்கொண்டாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா முகத்தைப் பார்த்ததும்தான், யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டேனே என்று உறைத்தது.

மாதக் கடைசிக்குள் தம்பியை அனுப்புங்கள் அப்பா. கம்பளிச் சட்டை கொடுத்துவிடுங்கள், இங்கே குளிர். ஜன்னல் பக்கம் அவனே படுத்துக்கொள்ளட்டும். இந்த அறையில் பேச்சுக் குரலே கேட்பதில்லை.

அவன் வந்துவிட்டால் நீங்கள் அங்கே தனி. அதையும் யோசித்தேன். ஆலை வாசலில் காவலுக்கு ஆள் தேடுகிறார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலைதான்.

அம்மா புரண்டு படுக்கிறாள், நிறுத்துகிறேன். நீங்களும் வருவதாக இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிடட்டுமா?

உங்கள் மகள்